வெள்ளவத்தைக்குப் பின்னால் ஒரு மலை

ஆரணி, கபிலன், இரண்டு பேரும் ஒன்றாக இருந்து இதை வாசிக்க வேண்டும். ஆரணி சத்தமாக வாசிக்கட்டும். கபிலன் சிரிக்கலாம், ஆனால் கதிரையில் இருந்து விழக் கூடாது. இந்தக் கதையில் விழுகிற வேலை முழுவதையும் நானே செய்து முடித்துவிட்டேன். எழுத்துப் பிழைகளை அம்மாவிடம் காட்ட வேண்டாம். பத்தாம் வகுப்போடு நின்ற ஆள், ஹார்ட்வெயார் ஸ்டோரில் ஆணிப் பெட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிப் பழகிய கை. இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

முதலில் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரில் என்னைக் கொழும்புக்கு, கொட்டாஞ்சேனைக் கிளைக்கு மாற்றிய அன்று, பண்டாரவளை வீட்டுக் குசினியில் நாங்கள் நாலு பேரும் இருந்து கதைத்தது ஞாபகம் இருக்கும். கடல் இருக்கிறது என்று கேட்டவுடன் கபிலன் போய் உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டான். ஆரணி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க இறக்கம் இருக்கா அப்பா?"

தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் கல்லும் மண்ணும் தெறிக்க மலைச் சைக்கிள் ஓடுகிற பிள்ளை கேட்கிற நியாயமான கேள்வி. நான் சோற்றைக் குழைத்தபடியே, "ஏன் இல்லாமல்? வெள்ளவத்தைக்குப் பின்னால, அரை மணித்தியாலத்தில பெரிய மலை. பொடியள் எல்லாம் அங்கதான் ஓடுறவங்கள்" என்றேன். அதுவரைக்கும், நாங்கள் குடியிருக்கப்போகிற வெள்ளவத்தையில் நான் பார்த்தது ஒரு கல்யாண மண்டபமும் இரண்டு சாப்பாட்டுக் கடையும்தான். பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பியே பார்த்ததில்லை.

ஆரணி என்னை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. தன்னுடைய சைக்கிளையே என்னோடு அனுப்பிவிட்டாள். "நீங்க ஓடிப் பாத்து எழுதுங்க. இருந்தா டிசம்பர் லீவு முடிய நானும் வாறன். இல்லாட்டி நான் பெரியம்மா வீட்டில நிண்டு படிக்கிறன்." சீற்றின் கம்பியில், சட்டத்துக்குள் இறங்குகிற இடத்தில், சிவப்பு டேப் ஒன்றைச் சுற்றினாள். "இது என்ட உயரம். நீங்க சீற்றை ஏத்துங்க, பரவாயில்ல. டேப்பை மட்டும் எடுக்காதீங்க."

ஆக, விஷயம் இவ்வளவுதான். மலை இருந்தால் வீட்டில் நாலு பேர். இல்லாவிட்டால் கொழும்பில் மூன்று, பண்டாரவளையில் ஒன்று. பொய்யைச் சொன்னவன் நான். மலையைத் தேடிப்பிடிக்க வேண்டியவனும் நான்.

அதற்கு என்னைவிடத் தகுதி குறைந்த ஆளை இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நான் பிறந்தது யாழ்ப்பாணத்துச் சங்கானையில். அங்கே ஒரு தேசிக்காயை றோட்டில் வைத்தால் யாராவது மிதிக்கும்வரை அது அங்கேயே நிற்கும், அவ்வளவு தட்டை. சின்ன வயதில் மலை என்ற பெயரில் நான் போன ஒரே இடம் கீரிமலை. அங்கே குளித்துவிட்டு வரலாம், ஏற முடியாது. பண்டாரவளைக்குக் கல்யாணம் முடித்து வந்த பிறகும் ஆரணியின் சைக்கிளுக்கு ரியூப் ஒட்டினேனே தவிர, அதில் ஏறி இருந்ததில்லை.

சைக்கிள் ஸ்டோர் லொறியில், பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. பின்பக்கத்தில் ஒரு பச்சைச் சொட்டு இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. வெள்ளவத்தையில் நான் இருக்கிற அறை மூன்றாம் மாடி. சைக்கிளை வைக்கக் கீழே இடமில்லாததால் ஒவ்வொரு தடவையும் தோளில் சுமந்து ஏறினேன். வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணம். ஒருநாள் கதவால் எட்டிப் பார்த்தா. "தம்பி, சைக்கிளைக் கட்டிலில படுக்க விட்டிட்டு நீங்கள் நிலத்தில படுக்கிறியளோ?"

"இல்லை அக்கா, இது மகளின்ர."

"அப்ப சரி. மகளின்ர எண்டால் கட்டிலிலதான் விடவேணும்."

அடுத்தது இன்னொரு குற்றம். ஆரணி, வாசிப்பதை நிறுத்தி ஒரு மூச்சு எடுத்துக்கொள். உன் சைக்கிளுக்கு நான் கரியர் பூட்டினேன்.

கரியர் இல்லாத சைக்கிளை எனக்கு முழுச் சைக்கிளாகப் பார்க்க முடியவில்லை. சங்கானையில் நாங்கள் கரியரில் கட்டிக் கொண்டுபோகாத சாமான் இல்லை: பால்கான், தென்னோலை, தையல் மெஷின், மாமா. வெள்ளவத்தைச் சந்தில் சைக்கிள் திருத்துகிற மனிதரிடம் கொண்டுபோனேன். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "ஐயா, இது மலையில் ஓடுகிற சைக்கிள். இதற்குக் கரியர் போட்டால் ஓட்டப்பந்தயம் ஓடுகிறவனின் கையில் கூடையைக் கொடுத்தமாதிரி."

"சாப்பாட்டுப் பார்சல் எங்கே வைக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், ஸ்பனரை எடுத்தார். கரியர் போட்ட பிறகு மட்கார்ட் இல்லாதது கண்ணைக் குத்தியது. அதையும் போட்டேன். மணியும் போட்டேன். கடைசியில் பார்த்தால் சங்கானைத் தபால்காரரின் சைக்கிள், கொஞ்சம் தடித்த சக்கரத்தோடு நின்றது.

இன்றைக்கு நாளைக்கு என்று ஆறு மாதம் ஓடிவிட்டது. தேடத் தொடங்கிய முதல் ஞாயிறு கல்கிசைக்குப் போனேன். வெள்ளவத்தையில் எல்லாரும் அந்த இடத்தை மவுண்ட் என்றுதான் சொல்கிறார்கள். மவுண்ட் என்றால் மலை. என்னுடைய ஆங்கிலம் அவ்வளவுக்குப் போதும். காலி வீதியால் பஸ்களுக்கும் மதிலுக்கும் நடுவில் நெளிந்து போய்ச் சேர்ந்தபோது சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. பண்டாரவளையில் சைக்கிள் ஓடினால் காது குளிரும். இங்கே இறங்கி நின்ற பிறகுதான் வேர்வை ஓடத் தொடங்குகிறது, நான் நின்றது அதற்குத் தெரியாதமாதிரி.

மலை இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். றோட்டில் இருந்து கடற்கரைக்கு ஒரு சரிவு. நான் பிரேக் எந்தக் கையில் என்று யோசித்து முடிக்க முன் அது முடிந்து, முன்சக்கரம் மணலில் புதைந்து நின்றது. இறால் வடை விற்கிறவர் ஒரு வடையை நீட்டினார். வாங்கித் தின்றேன். வடை திறம். அந்தப் பயணத்தில் பெயருக்கு ஏற்றபடி இருந்தது அது ஒன்றுதான். உண்மையாகவே இறால் இருந்தது.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. வரும் வழியில் கடற்கரை றோட்டில் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்தேன். றோட்டு மேசைபோலக் கிடந்தது. போனைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன். சரிக்கச் சரிக்க நல்ல இறக்கம் வந்தது. இன்னும் கொஞ்சம் சரித்தேன். அருமையான மலைப்பாதை. ஆரணிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தோசை சாப்பிடப் போனேன். சாம்பாரை ஊற்றும்போது போன் அடித்தது.

"அப்பா, ஏன் கடல் சரிஞ்சு நிக்குது?"

"அது... காத்து, பிள்ளை."

"காத்துக்குக் கடல் சரியுமா?"

பின்னால் கபிலன் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆரணி சிரிக்கவில்லை. "அப்பா, படம் வேணாம். இருக்கா இல்லையா எண்டு மட்டும் எழுதுங்க. நான் பெரியம்மாட்டச் சொல்லணும்" என்று வைத்துவிட்டாள். அந்தத் தோசையை நான் முடிக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும், தோசையை நான் மிச்சம் விடுகிற ஆள் இல்லை.

அடுத்தநாள் ஸ்டோரில் நஸீர் நானாவிடம் சொன்னேன். நானா எங்கள் ஸ்டோரில் இருபது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறவர், கொம்பனித்தெருக்காரர். அரசாங்கம் அங்கே பழைய வீடுகளை உடைத்து மாடி கட்டியபோது அவருக்கும் ஒரு வீடு கிடைத்தது.

"மல தேடுறீங்களா தம்பி? என்ட ஊட்டுக்கு வாங்க. பதினாலாம் மாடி. லிஃப்ட் நிண்டிச்சிண்டா அதவிடப் பெரிய மல கொழும்புல இல்ல."

"நானா, விளையாடாதேங்கோ. பிள்ளை வரமாட்டாளாம்."

நானா விளையாட்டை விட்டார். பௌர்ணமிப் போயா லீவில் வரச்சொன்னார். கொட்டாஞ்சேனையில் மேடுகள் இருப்பது எனக்குத் தெரியும், தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற மேடுகள்தான். ஆனால் பஸ்ஸில் இருந்து பார்க்கும்போது எந்த மேடும் பஸ்ஸின் கஷ்டம். சைக்கிளில் போனால் அது நம்முடைய கஷ்டம். நானா முன்னால் ஸ்கூட்டரில் போக, நான் பின்னால் நாக்குத் தள்ள மிதித்தேன். ஏறி முடித்து, கோயிலடியில் இருந்து கீழே விட்டேன். நல்ல வேகம். முகத்தில் காற்று. ஒரு கணம், ஆரணி ஏன் இதற்காகச் சண்டை பிடிக்கிறாள் என்று விளங்கியது. அடுத்த கணம் ஒரு ஓட்டோ சந்தியில் வந்து நின்றது. மணியை அடித்தேன். ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அங்கிள், பிரேக்கப் பிடிங்க, பாட்டுப் போடாதீங்க" என்றார். பிடித்தேன். முன் பிரேக்கை. ஓட்டோவின் பின்சீற்றில் இருந்த ஒரு அம்மாவின் மடியில் என் தலை போய் நின்றது. அந்த அம்மா மரக்கறிப் பையைப் பத்திரமாக அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, "அடி பட்டதா?" என்று கேட்டா. கொழும்பு மனிதர்கள் நல்லவர்கள் என்று இதில் இருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

"றோட்டு சரிவராது" என்றார் நானா. "இன்னொரு மல ஈக்கி. பெரிசு. மூக்கப் பொத்திக்கிட்டுப் பாக்கணும்."

தூரத்தில் இருந்து பார்த்தபோது சந்தோஷத்தில் இன்னும் வேகமாக மிதித்தேன். வீடுகளுக்குப் பின்னால் பச்சையாக ஒரு குன்று. புல், கொக்குகள், மேலே ஏறிப்போக ஒரு தடம்கூட இருந்தது. கிட்டப் போகப் போகத்தான் மணந்தது. ஊர்க் குப்பை முழுக்க வருடக்கணக்கில் கொட்டிக் கொட்டி எழும்பிய மலை. அடிவாரத்தில் சின்னச் சின்ன வீடுகள், வாசலில் உடுப்புக் காய்ந்தது. ஒரு அம்மா தண்ணீர் வாளியோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தா. என் தலையில் ஹெல்மெட், கையில் கையுறை.

"அளக்க வந்தீங்களா?" என்று தமிழில் கேட்டா. "போன தடவையும் அளந்துட்டுத்தான் போனாங்க."

நான் என்ன சொல்வேன்? மழை பெய்தால் அந்த மலை எந்தப் பக்கம் சரியும் என்று பார்த்துக்கொண்டு படுக்கிறவர்களிடம், என் மகள் விளையாட ஒரு சரிவு தேடி வந்தேன் என்றா? "இல்லை அம்மா, வழி மாறி வந்திட்டன்" என்றேன். திரும்பும்போது ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். நானா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வட்டிலப்பம் தந்தார். பதினாலாம் மாடி ஜன்னலால் பார்த்தால் கொழும்பு முழுக்கத் தெரிகிறது, கடல்வரை தட்டையாக. கிழக்கே வெகுதூரத்தில் மட்டும் நீலமாக ஒரு கோடு கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தது.

"அது என்ன நானா?"

"அவிசாவளப் பக்கம். அங்கால எல்லாம் மலதான். றப்பர் தோட்டம்." நானா கரண்டியை நக்கிக்கொண்டு யோசித்தார். "பேலியகொடையில இருந்து மீன் லொறி போகும். நம்மட ஆள் ஒருத்தர் ஈக்கார். சைக்கிளையும் ஏத்துவார். ஆனா தம்பி, வாசம் வரும்."

அடுத்த ஞாயிறு விடியப் பேலியகொடை மீன் சந்தையில் நின்றேன். ஐஸ் பெட்டிகளுக்கு மேலே உன் சைக்கிளைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். லொறிக்காரர் சிங்களவர், அமைதியான மனிதர். பாதி வழியில் ஒரு கேள்வி கேட்டார், "சைக்கிளுக்குச் சுகமில்லையா?" என்று. இல்லை, மலையில் ஓடக் கொண்டுபோகிறேன் என்றேன். "மலையில் இருந்து வந்த ஆள், கொழும்புக்கு வந்து, திரும்ப மலைக்குப் போகிறீர்கள்" என்றார். நான் தலையாட்டினேன்.

அவிசாவளைக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு தேத்தண்ணிக் கடையடியில் இறக்கிவிட்டார். பின்னேரம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் ஏற்றுவதாகப் பேச்சு. கடையில் மீன் அடைத்த மாலுபாண் இரண்டு தின்று தேத்தண்ணி குடித்தேன். மதியத்துக்குச் சோற்றுப் பார்சல் வாங்கிக் கரியரில் கட்டினேன். பார்த்தீர்களா, கரியர் உதவியது என்று எனக்கு ஒரே பெருமை. மிதிக்கத் தொடங்கியபோது பின்னால் ஒரு நாய் வந்தது. கொஞ்சத்தில் மூன்று நாய். குரைக்கவில்லை. பக்தர்கள் தேருக்குப் பின்னால் வருவதுபோல மரியாதையாக வந்தன. சைக்கிள் முழுக்க மீன் தண்ணி.

தோட்டத்து வாசலில் காவல்காரர் மறித்தார். என்ன தேடுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். என் மகளுக்கு ஒரு இறக்கம் தேடுகிறேன் என்றேன். அவர் அதைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "காணி தேடி வருவார்கள். மாணிக்கக்கல் தேடி வருவார்கள். தொலைந்த மாடு தேடி வருவார்கள். இறக்கம் தேடி வந்தது நீதான்" என்று சங்கிலியை இறக்கிவிட்டார். இரண்டு நிபந்தனை: றப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, மரத்தில் முட்டக் கூடாது. முதலாவதைக் காப்பாற்றினேன்.

உள்ளே போனேன். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் றப்பர் மரங்கள் வரிசையாக, மேலே இலை மூடி நிழல். மரத்துக்கு மரம் போகிற ஒற்றையடித் தடங்கள் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறின. கீழே காய்ந்த இலை மெத்தைபோல. நான் ஏறினேன், விழுந்தேன். ஏறினேன், விழுந்தேன். ஒரு தடவை நின்ற இடத்திலேயே விழுந்தேன். அது எப்படி என்று இன்னும் விளங்கவில்லை. பால் வெட்டிக்கொண்டு நின்ற ஒரு அக்கா, சிவகாமி என்று பெயர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறா.

"அய்யா, ஏதும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லை அக்கா. ஏன்?"

"அடிக்கடி கீழ எறங்கித் தேடுறீங்களே, அதான்."

விஷயத்தைச் சொன்னேன். கத்தியைத் துடைத்துக்கொண்டு கேட்டா. "புள்ளைக்கு எத்தனை வயசு?"

"பதின்மூண்டு."

"ஒங்கள விட நல்லா ஓட்டுமா?"

"இந்த நாயளும் என்னைவிட நல்லா ஓடும் அக்கா."

அவ சிரித்துவிட்டு, மேலே றப்பர் உலர்த்துகிற பழைய புகைக்கூடத்தடிக்குக் கூட்டிப்போனா. அங்கேயிருந்து ஒரு பாதை கீழே ஓடைவரைக்கும் இறங்கியது. "பால் வாளியோட இந்தப் பக்கம் நாங்க எறங்க மாட்டோம். சுத்தித்தான் போவோம்" என்றா. எட்டிப் பார்த்தேன். முதலில் நேர்ச் சரிவு, பிறகு இடப்பக்கம் ஒரு வளைவு, வேர்கள் படிபோல, பிறகு ஒரு மேடு தூக்கிவிட்டு மறுபடி இறக்கம், அடியில் தண்ணீர் மினுங்கியது. ஆரணி எழுதச் சொன்னது ஓடிப் பார்த்து. எட்டிப் பார்த்து இல்லை.

விட்டேன்.

வளைவு வரைக்கும் நான்தான் ஓடினேன் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு பயம் ஓடியது. பயம் வந்தவுடன் என் உடம்பு சங்கானையில் பழகினதைச் செய்துவிட்டது. அங்கே ஆம்பிளைகள் சைக்கிளால் இறங்குகிற முறை ஒன்று இருக்கிறது: ஓடும்போதே இடக்கால் பெடலில் நிற்க, வலக்காலைப் பின்பக்கத்தால் வீசித் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, நாலு அடி கூட ஓடி நிற்கவேண்டும். கோயில் வாசலிலும் ரியூசன் வாசலிலும் அப்படி இறங்கினால்தான் மதிப்பு. நாற்பத்தேழு வயதில், றப்பர் மலைச் சரிவில், நான் அந்த ஸ்டைலில் இறங்கப் பார்த்தேன். வலக்கால் சோற்றுப் பார்சலில் மாட்டியது. கொஞ்சத் தூரம் பஸ் மிதிபலகையில் தொங்குகிற கொண்டக்டர்போல ஒற்றைக்காலில் போனேன். பிறகு கரியர் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு வர, பார்சல் வெடிக்க, நானும் சோறும் ஒரு இலைக் குவியலுக்குள் போய் இருந்தோம்.

சைக்கிள் நிற்கவில்லை.

நான் இருந்த இடத்தில் இருந்து பார்த்தேன். ஆரணி, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆள் இல்லாமல் அது தனியாகப் போனது. வேர்களில் டக் டக் டக் என்று துள்ளி, மேட்டில் ஏறி, இரண்டு சக்கரமும் நிலத்தைவிட்டு எழும்பி, இறங்கி, கொஞ்சமும் சாயாமல் ஓடைவரை போய், தண்ணீரில் மெல்லப் படுத்தது. பாரம் இறங்கின சந்தோஷத்தில் போனதுபோல இருந்தது. நான் மேலே இருந்து மிதித்தபோது அது ஒரு மோசமான பாதை. நான் விழுந்த பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு நல்ல இறக்கம் என்று.

சிவகாமி அக்கா மேலே இருந்து, "அய்யா, சைக்கிளுக்கு வழி தெரியுது" என்றா.

நாய்கள் சோற்றை முடித்துக்கொண்டிருந்தன. நான் போய்ச் சைக்கிளைத் தூக்கினேன். ஒரு பக்கத்தில் தொங்கின கரியரை ஸ்பனரால் கழற்றினேன். மட்கார்டையும் கழற்றினேன். மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அதையும் கழற்றினேன். அக்கா அந்தக் கரியரைக் கேட்டா, அடுப்பங்கரையில் பாத்திரம் கவிழ்த்து வைக்கச் சரியாக இருக்குமாம். கொடுத்தேன். பதிலுக்குத் தன்னுடைய ரொட்டியில் பாதியும் தேங்காய்ச் சம்பலும் தந்தா. கொழும்புக்கு வந்த நாள்முதல் நான் சாப்பிட்டதில் அதுதான் திறம். உறைப்பில் கண்ணீர் வந்தது, அது உறைப்பினால்தான்.

பிறகு இன்னும் இரண்டு தடவை இறங்கினேன். இரண்டாவது தடவை பாதியில் விழுந்தேன். மூன்றாவது தடவை இரண்டு காலையும் பெடலில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், ஓடைவரைக்கும் போனேன். வழியில் யாரோ "அம்மா" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். அது யார் என்று நாய்களுக்குத் தெரியும்.

லொறி சொன்ன நேரத்துக்கு வந்தது. வெள்ளவத்தையில் படியேறும்போது வீட்டுக்கார அக்கா கதவைத் திறந்தா. "மீன் வாங்கினனீங்களோ தம்பி?" பிறகு என்னை முழுதாகப் பார்த்தா. "இல்லை, மீன்தான் உங்களை வாங்கியிருக்கு."

இப்போது கூட்டிக் குறைக்காமல் உண்மையை மட்டும் எழுதுகிறேன். ஆரணி, இதை மெதுவாக வாசி. வெள்ளவத்தைக்குப் பின்னால் மலை இல்லை. பின்னால் கால்வாய் இருக்கிறது. அரை மணித்தியாலமும் இல்லை. மீன் லொறியில் இரண்டு மணித்தியாலம். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்துவிட்டுப் போகிற தூரம் இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு என்னால் கூட்டிப்போக முடியும், அதுவும் மீன் மணத்தோடு. இறங்க மூன்று நிமிடம், தள்ளிக்கொண்டு ஏற அரை மணித்தியாலம். அட்டை கடிக்கும். குளிர் இல்லை. பண்டாரவளைபோல இருக்கும் என்று நான் இனிச் சொல்லமாட்டேன். இருக்கிறதா இல்லையா என்று கேட்டாய். இருக்கிறது. இவ்வளவுதான் இருக்கிறது.

பெரியம்மா வீடு நல்ல வீடு. நீ அங்கே நிற்கிறேன் என்றால் நான் கோபிக்கமாட்டேன், கொஞ்ச நாள் தோசையை மிச்சம் விடுவேன். நீ ஓடிப் பார்த்து எழுதச் சொன்னாய், நான் எழுதிவிட்டேன். முடிவு உன்னுடையது.

எழுதின தாள்களை மடித்த பிறகு திரும்ப விரித்து இதைச் சேர்க்கிறேன். மடித்து வைத்துவிட்டு, சைக்கிளைக் கட்டிலில் சாய்த்து, ஒரு பழைய சாரத்தால் சேற்றைத் துடைத்தேன். ஸ்பனரை எடுத்துச் சீற்றைத் தளர்த்தினேன். சிவப்பு டேப் சட்டத்தில் முட்டும்வரை இறக்கினேன். முறுக்கப் போனபோது ஒன்று ஞாபகம் வந்தது: நான் வந்து ஏழு மாதம். டேப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் வைத்து, அந்த அளவுக்குச் சீற்றை உயர்த்தினேன். பிறகு இரண்டாவது விரலையும் வைத்து, முறுக்கினேன்.